கீற்று மக்கும் வரை

ஏழு துறைமுகங்களுக்கு உரியவரும் தண்பொழில் நாட்டு மாமன்னருமான செங்கழல் வேந்தர் திருமுன்பு, நுரைத்தீவில் பதினெட்டு ஆண்டுகளாகத் தங்கள் தூதனாயிருக்கும் கொற்றன் சாத்தன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் ஆறுகளில் நீர் குறையாதிருக்க. தங்கள் குடிகள் பசி அறியாதிருக்க.

தீவரசி கயல்நங்கையின் முடியை வாங்கிக்கொண்டு நம் கொடியை ஏற்றுமாறு கட்டளை வந்தது. மழை ஓய்ந்ததும் மூன்று போர்க்கப்பல்கள் வரும் என்றும் அறிந்தேன். பண்டகசாலை நிலம் தீவின் முறைமைப்படியே தமக்கு உரியது என்று நம் வணிகர் எழுதியதை நம்பித் தாங்கள் ஆணையிட்டீர்கள். அம்முறைமையை நான் அறிவேன்.

அயலார் தாம் வேய்ந்த கூரையின் கீற்று மக்கும் வரை இங்கே தங்கலாம். மக்கியபின் அரசியிடம் மறுபடி கேட்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை நாங்கள் கேட்போம். அவர் முதல் கீற்றைத் தம் கையால் எடுத்துத் தருவார். தீவார் ஏணி பிடிப்பார்கள். நம் வணிகர் கோணலாகக் கட்டுவதைக் கண்டு பெண்கள் சிரிப்பார்கள். மாலையில் எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்து சுட்ட மீனும் தேங்காய்ச்சோறும் உண்போம். அந்நாளில் பண்டகசாலைக்குக் கதவு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பின்பு, இலவங்கம் நனைகிறதென்று வணிகர் ஓடு வேய விரும்பினர். அதை அரசியிடம் எடுத்துச் சொன்னவன் நானே. தம் அரண்மனைக்கே கீற்றுக்கூரைதான், இலவங்கம் தம்மினும் பெரிய அரசி போலும் என்று நகைத்து அவர் இசைந்தார். ஓடு மக்கவில்லை, பத்தாண்டுகளாக யாரும் கேட்கவுமில்லை. சுவர் எழுந்தது, காவலர் வந்தனர். வேற்றுநாட்டுக் கப்பல்களுக்கும் இலவங்கம் விற்கப்போவதாக இவ்வாண்டு அரசி அறிவித்ததும், நிலம் தமக்கே உரியது என்ற வணிகரின் விண்ணப்பம் தங்களை அடைந்தது. கீற்று முடையும் பூமயில் என்பவள் என்னைக் காணும்போதெல்லாம், “உங்க கூரைக்கு மட்டும் வயசே ஆவாதோ, தூதரே?” என்பாள்.

ஆகவே தங்கள் பெயரால் நான் பிறப்பித்த கடைசி ஆணையைத் தெரிவிக்கிறேன். நேற்று முன்தினம் ஓடுகளை இறக்கச் செய்தேன். வணிகர் தடுத்தனர், தங்கள் முத்திரையைக் காட்டினேன். பிறகு அரசியிடம் போய்க் கேட்டேன். அவர் பழையபடி முதல் கீற்றை எடுத்துத் தந்தார். புதிதாக வேய்ந்த அந்தக் கூரையின் கீழிருந்தே இதை எழுதுகிறேன்; ஓரிடத்தில் ஒழுகுகிறது.

இரண்டு மழைக்காலம் இங்கே தங்க நமக்கு உரிமை உண்டு, அதற்குமேல் இல்லை. முத்திரையை இவ்வோலையில் இறுதியாகப் பதித்து, அந்த முத்திரை மோதிரத்தையும் உடன் அனுப்பினேன். தண்டனை இவ்வோலையை எழுதிய எனக்கே உரியது. கொண்டுவருபவருக்கு உணவளித்து அனுப்புக. கப்பல்கள் வந்தே தீருமாயின், கீற்றுக் கட்டத் தெரிந்தவர்களை அவற்றில் ஏற்றி அனுப்புக.