தவளை நீச்சல் சுலபமாம்!

அன்பு மகள் ஆன்சிக்கு, கர்த்தருடைய கிருபையால் அப்பா, தம்பி பெல்வின், ஆடுகள் உட்பட இங்கே எல்லோரும் சுகம். என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகப் போட்டியில் தவளை நீச்சலில் முதலாவதாக வந்தும், கடைசியில் சுவரை இரண்டு கையாலும் தொடாமல் ஒற்றைக் கையால் தொட்டாய் என்று உன்னைக் கழித்துவிட்டார்கள். அது விதி, அதற்கு நான் அழவில்லை. ஆனால் இருப்பதிலேயே சுலபமான நீச்சலில் தோற்றுவிட்டேன், இனி நீச்சலே வேண்டாம், பாட்டியாலா விடுதியைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்றாயே, அதிலிருந்து நம் வீட்டில் எந்தப் பாத்திரமும் சத்தமில்லாமல் கீழே இறங்கவில்லை.

சுலபம் என்று உனக்கு யார் சொன்னது? உன் சித்தப்பா ஏசுராஜ்தானே? என்னிடமும் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் கேட்க, "இன்னா அண்ணி, பட்டாம்பூச்சி நீச்சல்ல தோத்தாக்கூட ஒரு கெவுரவம், தவள நீச்சல் கொயந்தகூட அடிக்குமே" என்றார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நனையாத மனிதர், குளிப்பதே வாரத்துக்கு எத்தனை நாள் என்று உன் சித்தியைக் கேள். வந்த ஆத்திரத்தில் போனில் வீடியோ பார்த்து, தெருவே ரேஷன் கடையில் நின்ற நேரமாகப் பார்த்து, பாண்டுரங்கன் கிணற்றில் நான்கு நீச்சலையும் நானே அடித்துப் பார்த்துவிட்டேன். சிரிக்காதே. எண்பது கிலோ, பூப்போட்ட நைட்டி. ஃப்ரீஸ்டைலில் கால் எப்படிப் போனாலும் கேட்பாரில்லை, என் கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. மல்லாக்க நீந்தினால் மூச்சுக்குக் குறைவில்லை, ஆனால் சுவர் எங்கே இருக்கிறது என்று மண்டைக்குத்தான் முதலில் தெரிகிறது, இன்னும் வீக்கம் வடியவில்லை. பட்டாம்பூச்சிக்கு உடம்பு பூராவும் வலு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன், நாலு வீச்சில் உயிர் போய் வந்தது, நைட்டி காற்றடைத்துக் கூடாரமானது, எட்டிப் பார்த்த பாண்டுரங்கன் "அன்னாளக்கா கெணத்துல உழுந்துட்டாங்கோ, கவுறு எட்தாங்கடா!" என்று கத்தி ரேஷன் கடையையே கூட்டிவிட்டார்.

அத்தனை பேர் பார்க்கும்போது பாதியில் ஏறுவேனா? தவளை நீச்சலையும் தொடங்கினேன். கால் உதைக்கும்போது கை நீண்டிருக்க வேண்டும், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தண்ணீரே பிடித்து நிறுத்திவிடுகிறது, பாதம் சரியாகத் திரும்பாவிட்டால் அதுவும் தப்பாம். மெதுவாகப் போவதால் சுலபமா? ஜமுனாமரத்தூர் பஸ்கூட மலையில் மெதுவாகத்தான் ஏறுகிறது, உன் சித்தப்பாவை ஒரு வளைவு ஓட்டச் சொல்லேன். எப்படியோ படிக்கல்லுக்கு வந்து சேர்ந்தேன். அப்போதுதான் மேலே நின்ற கூட்டத்திலிருந்து நம் தெருப் பச்சையம்மா, "ஏ அன்னாளு, நைட்டி மேல ஏறுது பாரு, அமுக்குமே!" என்றாள். என் இடது கை என்னைக் கேட்காமலே கீழே போய்விட்டது. வலது கை மட்டும் கல்லைத் தொட்டது.

அப்படியே நின்றுவிட்டேன் ஆன்சி. நீ பாவாடையோடு அந்தக் கிணற்றில் நீந்தப் பழகிய காலம் முழுக்க, கரைக்கு வரும்போதெல்லாம் எங்களில் யாராவது ஒருத்தர் இதையேதான் கத்தினோம். பெல்வினுக்கு யாரும் கத்தவில்லை, அவன் இரண்டு கையாலும்தான் தொடுகிறான். உடம்போடு ஒட்டிய நீச்சலுடையில் எதை அமுக்க உன் கை கீழே போனது? பச்சையம்மா குரல் பாட்டியாலா வரைக்கும் கேட்டிருக்கிறது. நீ தோற்கவில்லையடி, இந்தத் தெருவே சேர்ந்து உன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. "அமுக்க மாட்டேன், வேணும்னா நீ கண்ண மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு, மறுபடி நடுக்கிணறு வரை போய்த் திரும்பி, கூடாரத்தோடு வந்து இரண்டு கையாலும் தொட்டேன். பச்சையம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை, காதுக்கு நிம்மதி.

கிறிஸ்துமஸுக்கு வா, கேக் தின்றுவிட்டுத் திரும்பிப் போ. பெட்டியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தால் கதவு திறக்க மாட்டேன். அங்கே குளிர் அதிகம், நீந்தி ஏறியதும் காதை நன்றாகத் துடை, சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. ஆண்டவர் உன் மூச்சைக் காக்கட்டும், உன் பயத்தை எடுத்துக்கொள்ளட்டும். சுவரைத் தொடும்போது மட்டும் இந்த ஊரை மறந்துவிடு.

இரண்டு கையையும் உன் தலையில் வைத்து ஆசீர்வதிக்கும்,
அம்மா அன்னாள்