மெல்ச்சோர் போட்ட புத்தகம்

அல்ஜியர்ஸ்,
பாஸ்கா பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்.

என் கண்ணு செம்தோபுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாகவே இருக்கிறோம். லிவோர்னோவில் நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை, பக்கம் பக்கமாக இப்படிக் கொதித்து எழுதத் தெம்பிருப்பவனுக்கு உடம்பில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது? அந்த ஸ்பானியப் புத்தகத்திலிருந்து நீ எடுத்து எழுதியதை அப்பா உரக்கப் படித்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நம் வீட்டில் மூன்று வருஷம் உட்கார்ந்து துணி தைத்த ஸ்பானியக் கிறிஸ்தவக் கைதி மெல்ச்சோர், விடுதலையாகி ஊர் போய் நம்மைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டானே! எனக்கு மீசையாம். அப்பாவின் மூக்கு தாடையைத் தொடுமாம். போகட்டும். வெங்காயத் தோலை வேகவைத்துத் தின்னும் கஞ்சர்கள் என்கிறானே, அந்தத் தோலோடு ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்து சிவந்த முட்டைகளை உரித்து உரித்து உள்ளே தள்ளியது யாராம்? சனிக்கிழமைகளில் யூதர்கள் சுவரைப் பார்த்துப் புலம்புவது அவர்கள்மேல் விழுந்த சாபம் என்று எழுதியிருக்கிறான் பார், அங்கேதான் எனக்குப் புரையேறிவிட்டது. ஓய்வுநாளில் நாம் நெருப்பைத் தொடக்கூடாது, அடுத்தவனை ஏவவும் கூடாது, அவனாகப் பார்த்துச் செய்தால்தான் உண்டு. அதற்காகத்தான் அப்பா சுவரிடம், "அடேயப்பா, என்ன குளிரு! விரலெல்லாம் மரத்துப்போச்சே" என்பார். கணப்பில் இரண்டு கட்டையைப் போட வேண்டும் என்று அந்த மண்டூகத்துக்குத் தோன்றியதே இல்லை. பாவம் பெரியவர் என்று தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போவான். மூன்று குளிர்காலமும் வெடவெடத்துக்கொண்டே கழித்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் மறுபடி இங்கே சிக்கினால் துடுப்பில் கட்டிப் போடச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, உன் வாய் முகூர்த்தமோ என்னவோ, சிக்கிவிட்டான்! ஸ்பெயினின் மலாகாவிலிருந்து கிளம்பிய கப்பலை நம்மூர்க் கப்பல் தலைவன் ஒருவன் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான், அதில் இவனும் ஒருத்தன். காற்று திரும்பியதும் துடுப்பு வலிக்க அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு இப்போது இருமல் வேறு, ஒரு கோடைகூடத் தாங்கமாட்டான். பணம் கொடுத்துக் கைதிகளை மீட்க வரும் பாதிரிமார் வந்து சேரும்வரை யாராவது பொறுப்பேற்றால் கரையிலேயே தங்கலாம். கைதிகளுக்காகக் கப்பல்காரர்களிடம் பேசிப் பொறுப்பேற்பதுதான் அப்பாவின் தொழில் என்று அவனுக்குத் தெரியாதா? ஆள் விட்டிருந்தான். அப்பா தாடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்தான், "வாங்க போகலாம், எனக்கு அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று செருப்பை மாட்டினேன்.

கைதிக் கொட்டடி முற்றத்தில் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "ஏம்ப்பா, என்னை நல்லா நிமிந்து பாரு, எங்க இருக்கு மீசை?" என்றேன். காவல்காரன்கூடச் சிரித்துவிட்டான். இவன் சிரிக்கவில்லை. "ஊருக்குப் போனதும் மத விசாரணைக்காரங்க உக்கார வச்சுட்டாங்கம்மா. யார் வீட்ல இருந்தே, என்ன தின்னே, சனிக்கிழமை என்ன பண்ணேன்னு குடைஞ்சாங்க. நல்லா வச்சிருந்தாங்கன்னு சொன்னா நானும் யூதனா மாறிட்டேன்னு கம்பத்துல கட்டிக் கொளுத்திடுவாங்க. உங்களைத் திட்டத் திட்டத்தான் என்னை நம்புனாங்க" என்றான். அதற்குப் புத்தகமே போட வேண்டுமா என்று கேட்டேன். "அது நல்லா வித்துச்சும்மா" என்றான், வெட்கங்கெட்டவன்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் ஆறவில்லை. அப்பா, உனக்குத்தான் தெரியுமே, ஸ்பெயினில் செவில்லில் பிறந்தவர், உள்ளே ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, யூதர் என்று தெரியாமலிருக்க வாசலில் பன்றித் தொடையைத் தொங்கவிட்டு, மாதா கோயிலில் எல்லாரையும்விட உரக்கப் பாடிய குடும்பம். அவன் சொன்னதைக் கேட்டதும் அவர் நேரே கப்பல் தலைவனிடம் போய்ப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்து அவனிடம் சொன்னார், "மறுபடி ஊருக்குப் போனா, ரெண்டாந்தடவையும் யூதன் வீடான்னு இன்னும் குடைவாங்க. அரைகுறையா திட்டாதே. என்னை இன்னும் நல்லா கேவலமா எழுது, புரியுதா?" மெல்ச்சோர் அப்பாவின் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதானே ஓர் அழுகை, எனக்குத் தாங்கவில்லையடா.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறான், உனக்குப் பண்டிகைக்குச் சட்டை தைக்கிறான். நீ வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, வந்து சேர். கடல் காற்றில் காதை மூடிக்கொள். ஆபிரகாமின் தேவன் உன்னைப் போகும் வழியிலும் வரும் வழியிலும் காக்கட்டும், நல்ல பெண்ணாக ஒருத்தியையும் காட்டட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: நாளைக்கு அவன் இன்னொரு புத்தகம் போட்டு, அதில் நம்மை இதைவிடக் கேவலமாகத் திட்டியிருந்தால் கோபப்படாதே, அவன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எங்களுக்கு உடனே எழுதிப் போடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஓரோவிதா