மீன் தொட்டிக்கு வாங்கியது

புதன், இரவு.

இன்று நான் சொன்ன பொய்யை எழுதவே கை கூசுகிறது.

வெள்ளானூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். குளியலறை அலமாரியில் துண்டின்மேல் காய்ந்துகொண்டிருந்த மெல்லிய டியூபைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி இது?" என்றாள்.

"மீன் தொட்டிக்கு வாங்கினது" என்றேன். எங்கள் வீட்டில் மீன் தொட்டியே கிடையாது.

பின்னால் என் மகள் தாரணி நின்றிருந்தாள். பதினாலு வயது. சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்தபடி பிறந்தவள். மூன்று ஆபரேஷன் ஆகிவிட்டது. தொப்புளருகே டாக்டர்கள் வைத்த சிறு துளையில் அந்த டியூபைச் செலுத்தித்தான் சிறுநீர் கழிக்கிறாள். பள்ளியிலும் தானே செய்துகொள்கிறாள். சொந்தக்காரர்களிடம் நான் இத்தனை வருடமும் குடல் ஆபரேஷன் என்றே சொல்லி வந்தேன்.

"அது என்னுது அத்தை. ஒண்ணுக்குப் போறதுக்கு" என்றாள் தாரணி.

"வலிக்குமா கண்ணு?"

"இப்பல்லாம் இல்ல அத்தை."

நாத்தனார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் கிளம்பிய பிறகு, தாரணி டியூபைத் துண்டோடு சுருட்டித் தன் ஸ்கூல் பையில் வைத்தாள்.

"அதுல இன்னாத்துக்குடி வைக்கிற?"

"உனக்குத்தான் அசிங்கமா கீதேம்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இல்லைடி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவள் தூங்கிவிட்டாள்.