பறக்கும் வீரனுக்குக் கைதட்டல் இல்லை

அன்பு மேபலுக்கு,

மாதா கிருபையில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பறக்கும் வீரன் படத்தைப் புதிதாகக் கலரில் எடுத்திருக்கிறார்களாமே, மகள் கிறேஸ் ஞாயிறு கண்டிக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய்.

பழைய படம் ஓடியபோதும் இதே தியேட்டர் வாசலில் நான்தான் டிக்கெட் கிழித்தேன். வீரன் எதிரியைக் கொல்லாமல் விட்டதும் சனம் கைதட்டியது. நேற்று அதே கட்டத்தில், “கொல்லு, கொல்லு” என்று கத்தினார்கள்.

“கலர் ஜோரு, வீரன்தான் கோழை” என்று சிங்களத்தில் பேசியபடி வெளியே வந்தார்கள். “எதிரியோட தெருவையே கொளுத்தியிருக்கணும்” என்றான் ஒருவன். கூட வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டிக்கெட் கொடுக்கும் பண்டா என் காதருகே, “சுவக்கின் அண்ணே, வாசல்ல தமிழ் பேசாதீங்க” என்றான்.

இனி ராத்திரியில் தியேட்டருக்குள்ளேயே படுக்கப்போகிறேன், பஸ்ஸில் ஒரு போர்வை கொடுத்தனுப்பு. பொதியில் பெயர் எழுதாதே, பஸ்ஸடிக்கு நானே வருகிறேன். இதை எழுதித் தருபவர் அவசரப்படுகிறார். கிறேஸிடம், படம் நல்லாயில்லையாம், அப்பா சொன்னார் என்று மட்டும் சொல்.

சுவக்கின்