மஞ்சள் பூசிய கடல்

வெள்ளவத்தை

அன்புள்ள அம்மா,

மேனுகா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? போனில் கதைத்தால் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன கிழமை ஒரு பகிடி நடந்தது. தெஹிவளை அன்னபாக்கியம் அன்ரி, மகளின் கலியாண அழைப்பிதழை, பழந்துணியைக் கூழாக்கி நான் கையால் செய்யும் கடதாசியிலேயே கேட்டிருந்தா. மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதலில் சந்தித்த வெள்ளவத்தைக் கடலை ஒவ்வொன்றிலும் நீர்வர்ணத்தில் கீறிக் கொடுத்தேன். அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோய், வழமைபோல மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து நாலு மூலைக்கும் பூசியிருக்கிறா. நீர்வர்ணம் சும்மா இருக்குமா? கடல் கரைந்து, பாசி பிடித்த குளமாகிவிட்டது.

"ஐயோ பிள்ளை, மஞ்சள் பூசாமல் எப்பிடிக் குடுக்கிறது?" என்று அழாக்குறையாக வந்து நின்றா. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்!

"விடுங்கோ அன்ரி, திரும்பக் கீறித் தாறன்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால், அன்ரிக்கு அந்த மஞ்சள்தான் அழைப்பு. என் கடல் அதற்குச் சோடனை. இந்த முறை நானே முதலில் மூலைகளில் மஞ்சள் பூசிக் காயவிட்டேன். பிறகுதான் நடுவில் கடல்.

கடதாசிக் கூழுக்கு வைத்திருந்த பருத்தித் துணி முடிந்துவிட்டது. யாராவது கொழும்புக்கு வந்தால், உங்கள் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

தபாற்கந்தோரைப் பூட்டப் போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் பிள்ளை,
மேனுகா

சேலையைத் தோய்க்க வேண்டாம் அம்மா. உடுத்துக் களைந்தபடியே மடித்து அனுப்புங்கள். அதை மட்டும் கூழாக்க மாட்டேன்.