அத்தான் எடுத்துப்போட்ட பெயர்

அபிராமபுரம்,
சென்னை-18.
14.11.98

பிரியமுள்ள அத்தானுக்கு, ஹெப்சிபா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் அம்மாவும் சுகம். மாமிக்கு மூட்டுவலி மட்டும் அப்படியேதான். மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். குழாயில்தான் தண்ணீர் இல்லை. டல்லாஸில் குளிர் தொடங்கியிருக்கும், ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பின புது சிடியும் உங்கள் சபைப் பத்திரிகையும் வந்தன. அதில் நீங்கள் கொடுத்த சாட்சியைப் படித்தேன். இந்த வேதாகம மென்பொருளைக் கர்த்தர் உங்களுக்குத் தனிமையில் வெளிப்படுத்தினாராம். என்ன தனிமை? நம் சாப்பாட்டு மேசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வசனம் தேடும் பகுதி முழுவதையும் எழுதினது உங்கள் கல்லூரித் தோழர் கதிரேசன். வசனங்களைத் தட்டச்சு செய்தது நான். அந்த வெளிப்பாட்டுக்கு டீ போட்டதும் நான்தான்.

சிடியைப் போட்டுப் பார்த்தேன். எழுதினவர் என்று உங்கள் பெயர், உதவி என்று என் பெயர். கதிரேசன் பெயர் இல்லை. அவிசுவாசியின் பெயர் வேதத்தோடு வரக்கூடாது என்று சபைக் கமிட்டி சொன்னதாகவும், அவர் எழுதின பகுதியை நீங்களே மாற்றி எழுதிவிட்டதாகவும் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இலவசமாகக் கொடுப்போம், புரோகிராம் எழுதின சோர்ஸ் வரிகளையும் திறந்து கொடுப்போம், யாரும் திருத்தலாம், எழுதினவர்கள் பெயரை மட்டும் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை எழுதினது யார்? நீங்கள்தானே?

மாற்றி எழுதின லட்சணத்தையும் கேளுங்கள். பாலவாக்கம் போதகர் புது சிடியிலிருந்து ஒரு சங்கீதத்தை அச்சடித்து ஆராதனையில் கொடுத்திருக்கிறார். தாவீதின் சங்கீதம் என்ற தலைப்பையே உங்கள் புரோகிராம் முதல் வசனமாக எண்ணிவிட்டது. போதகர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிக்கும்போது, தாள் வைத்திருந்தவர்கள் ஒன்றும் வேதப்புத்தகம் வைத்திருந்தவர்கள் வேறொன்றுமாகக் கோயிலே சந்தைக்கடை ஆகிவிட்டதாம். போனில் வாங்கிக்கட்டிக்கொண்டது நான்.

கதிரேசனை வரவழைத்துச் சரிபார்க்கச் சொல், பெயர் விஷயத்தை மட்டும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. போன சனிக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் வேலை முடிந்து நேராக இங்கே வந்தார். பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க, பழைய சோர்ஸையும் புது சோர்ஸையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார் என்று உங்களுக்குத் தெரியாதா அத்தான்? திரையில் வந்த முதல் வித்தியாசமே அவர் பெயர் இருந்த வரிதான்.

அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு சிரித்தபடி, "இன்னா அண்ணி, நான் தொட்டா வசனம் தீட்டாயிடுமா?" என்று கேட்டார். மாமி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள். "வுடுங்க அண்ணி, பாவம் அந்த ஃபாதரு, மறுபடியும் மானம் போவும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், இனிமேல் தனக்கு போன் பண்ண வேண்டாம் என்றார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கமிட்டிக்காரர்களை எனக்குத் தெரியாது, அவர்கள் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் எப்படிச் சரி என்று தலையாட்டினீர்கள்? நம் கல்யாணத்தில் பந்தி பரிமாறின மனுஷன் அவர்.

திருத்தின ஃபைல்கள் இதோடு வரும் ஃப்ளாப்பியில் இருக்கின்றன. கதிரேசன் தன் பெயரைத் திரும்பச் சேர்க்கவில்லை. நான் சேர்த்திருக்கிறேன், உங்கள் பெயருக்கு மேலே. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் போடும் சிடியில் அது அப்படியே வர வேண்டும். எடுப்பதாயிருந்தால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். விசாவுக்கு நீங்கள் அனுப்பின தாள்களிலிருந்தும்தான். அவற்றில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கர்த்தர் உங்களுக்கு நல்ல புத்தியைத் தருவாராக. இப்போதெல்லாம் ஜெபத்தில் அது ஒன்றைத்தான் கேட்கிறேன். சீக்கிரம் என்னை அவரிடம் கொண்டு சேர்த்துவிடும் என்று முன்பு கேட்பேனே, அதைக் கேட்க வாய் வரவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியான
ஹெப்சிபா