ஆறாம் மாடி அறையில் கேட்டது

நேற்று வேலை முடிந்து வரும் வழியில், மலாக்கா தெங்கேராவில் அறுந்துபோன செருப்பை ஒட்டக் கொடுத்தேன். கடைக்காரச் சீனக் கிழவர் டின்னின் மூடியைத் திறந்தார். அந்த மஞ்சள் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், உட்கார வேண்டியதில்லை என்று மலாயில் சொன்னார். செருப்பு ஒட்டிக் காய்ந்து, அவர் கடையின் ஒரு கதவைச் சாத்திய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

நம் நாள் அந்த வாடையில்தானே தொடங்கும். ஸ்பீக்கர் பேக்டரிக்குள் நுழையும்போதே முகத்தில் அடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. "பொண்ணு பாக்க வர்றவன் வாசல்லயே திரும்பிப் போயிடுவான்டி" என்று நீ கையை முகர்ந்து முகர்ந்து பார்ப்பாய். "போனா போகட்டும், நமக்குக் கூண்டு இருக்கு" என்பாய்.

அந்தக் கூண்டை நினைத்துக்கொள்கிறேன். பலகையால் அடித்து உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறை. காகிதமும் காந்தமும் ஒட்டிக் காய்ந்த ஸ்பீக்கர்கள் லைனின் கடைசியில் நம் இருவரிடம்தான் வந்து சேரும். இடப்பக்க நாற்காலியில் நீ, வலப்பக்கம் நான். ஸ்பீக்கரை மாட்டிப் பெடலை மிதித்தால் ஓர் ஒலி கிளம்பும். லாரி உறுமுவதுபோல் அடியில் தொடங்கி, ஏறி ஏறி, கொசுவைப்போல் மெலிந்து, கடைசியில் காதுக்கு எட்டாமல் போய்விடும். சுத்தமாக ஏறி முடிந்தால் ஸ்பீக்கரின் முதுகில் ஒரு பச்சைப் பொட்டு ஸ்டிக்கர். நடுவில் எங்காவது உரசினால் சிவப்புப் பொட்டு, ரிஜெக்ட். அந்த உரசலுக்கு 'கிர்' என்று நீதான் பெயர் வைத்தாய். 'காக்' என்று நாம் கூப்பிடும் மலாய்க்கார லீடர் அக்காவும் அதையே சொல்லப் பழகிவிட்டார். "அடா கிர்?", அதாவது கிர் இருக்கிறதா, என்று கதவைத் திறந்து கேட்பார்.

மெஷின் சரி என்று சொன்ன ஸ்பீக்கரையும் நீ நிறுத்துவாய். எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துப் பார்ப்பார். உள்ளே கடுகு அளவு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். "மெஷின் சம்பளம் வாங்குதா? நான்தானே வாங்குறேன். அப்ப நான்தான் கேக்கணும்" என்பாய். மூன்று வருடத்தில் நீ வைத்த சிவப்புப் பொட்டு ஒன்றுகூடத் தப்பானதில்லை. சுங்கை ரம்பாயில் பலகை வீட்டிலிருந்து வந்த உனக்கு அதுதான் சான்றிதழ், சொத்து எல்லாம். சிம்பாங் அம்பாட் தோட்டத்திலிருந்து வந்த எனக்கு நூலகத்து இரவல் புத்தகங்கள் மாதிரி.

நான்காவது வருடத் தொடக்கத்தில் உன் சிவப்புப் பொட்டுகள் கூடின. எஞ்சினியர் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மறுபடி பிரித்தார், இல்லை. "அவளுக்குக் கேட்டால் இருக்கும்" என்று காக் உன் பக்கம் நின்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, வேறு மாதிரி நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

கோலாலம்பூர் ஹோட்டலில் நடந்த ஸ்பீக்கர் கண்காட்சிக்கு எஞ்சினியர் இரண்டு டிக்கெட் கொண்டுவந்தது அப்போதுதான். லைனில் யாருக்கும் வேண்டாம். "ஞாயித்துக்கிழமையும் ஸ்பீக்கரா?" என்று சிரித்தார்கள். நீ இரண்டையும் பிடுங்கிக்கொண்டாய். ஊர் சுற்ற ஆசைப்படுகிறாய் என்று நினைத்துத்தான் உன்னுடன் வந்தேன்.

ஹோட்டல் வாசலில் நின்ற தமிழ்க் காவலாளி நம்மைப் பார்த்ததும், "தங்கச்சி, வேலைக்கு இண்டர்வியூன்னா பின்பக்கம் போகணும்" என்றார்.

"இண்டர்வியூ எடுக்கத்தாண்ணே வந்திருக்கோம்" என்றாய் நீ. "ஸ்பீக்கருக்கு."

அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். லிப்டுக்குள் போகும்வரை சிரித்தோம்.

கட்டில்களை எடுத்துவிட்டு ஓர் அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். சட்டையை உள்ளே செருகிய ஆண்கள் கோயிலில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் அறையில் ரொட்டி டின் அளவுதான் இருந்தன. ஆனால் மேளம் அடித்தபோது நாற்காலியின் கால் அதிர்ந்தது. "சின்னப் பெட்டி, பெரிய வாய். எங்க சித்தி மாதிரி" என்றாய். அடுத்த அறையில் ஊமத்தம்பூ போல விரிந்த குழாய்கள். அதில் எக்காளம் ஊதியவர் நம் மடியில் ஏறி உட்கார்ந்து ஊதினார். நன்றாக இருந்தது, ஆனால் எழுந்து வெளியே போனால் தேவலை என்றும் இருந்தது. மூன்றாவது அறையில் நின்றவை என்னைவிட உயரம். "இது ஸ்பீக்கரா, சேலை அலமாரியா?" என்று நீ கேட்டது பக்கத்தில் இருந்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது.

ஒவ்வோர் அறையை விட்டு வெளியே வந்ததும், "எப்படி இருந்துச்சு, சொல்லு. நீதான் எல்லாத்துக்கும் வார்த்தை வச்சிருப்பியே" என்பாய். நான் ஏதாவது சொல்வேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். மூன்றாவது அறையிலிருந்து வந்தபோது மட்டும், "லேசா ஒரு கிர் இருந்துச்சுல்ல?" என்றாய். வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு ஆறாம் மாடி.

பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிய வியாபாரி. தேன் நிறத்தில் பளபளத்த இரண்டு மரத்தூண்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் பியானோவுடன் பாடும் இசைத்தட்டை வைத்தார். பாதிப் பாட்டில் நீ எழுந்து நின்றாய். "ரோசாக்" என்றாய் மலாயில். கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த அறையில் யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். வியாபாரி உன் தீபாவளிப் பஞ்சாபி உடையையும் என் கால் செருப்பையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "எது ரோசாக்? காட்டு" என்றார்.

நீ இடது ஸ்பீக்கரிடம் போய்க் குனிந்தாய். தலையாட்டினாய். வலது பக்கம் போனாய். அங்கும் குனிந்தாய். இரண்டு தடவையும் இடக்காதைத்தான் கொடுத்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டு ஸ்பீக்கரில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கிர் வராது. ஆயிரக்கணக்கில் கேட்ட நம் இருவருக்கும் அது தெரியும்.

பின்வரிசையில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, இன்னொருவர் சிரித்தார். நீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"நீ சொல்லு. கேக்குதா, இல்லையா?"

எனக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் அந்தப் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

"கேக்குது" என்றேன்.

அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் சொன்னேன். உன்னைத் தனியாக நிற்கவிடக் கூடாது என்று மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது. உன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அருகில் நின்று பார்த்தேன். வெளியேறும்போது நீ கைப்பையிலிருந்து நம் பொட்டுத்தாளை எடுத்து, யாரும் பார்க்காமல் இடது தூணின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினாய். "வாங்குறவன் என் பேரச் சொல்லட்டும்" என்றாய். நடைபாதையில் ஓடி வந்து மூச்சு வாங்கச் சிரித்தோம். உன்னோடு நான் சிரித்த சிரிப்பிலெல்லாம் அதுதான் பெரியது. அதை எந்தப் பக்கம் தொட்டாலும் இப்போது கையைக் கிழிக்கிறது.

மலாக்காவுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. நீ ஜன்னலோரம் இருந்தாய்.

"ஒண்ணு சொல்லட்டா? பயந்துட்டேன்டி. ரெண்டு மாசமா எதக் கேட்டாலும் கிர். காதுலதான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். அதான் வந்தேன். அங்க இருக்கறதுல எதுலயும் கிர் இருக்காதுல்ல, கேட்டா தெரிஞ்சிடும்னு."

நான் கையிலிருந்த பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்தேன்.

"வியாழக்கிழம கம்பெனி கிளினிக்ல காது டெஸ்டு. பேர் குடுத்து வச்சிருந்தேன். காலைல போய்ப் பேர அடிச்சுட்டு வந்துடணும். உனக்கும் கேட்டுச்சே, அப்புறம் எதுக்குலா?"

அந்தப் பஸ் மலாக்கா போய்ச் சேர இரண்டு மணி நேரம் எடுத்தது. வேண்டிய அளவு நேரம் இருந்தது. முதலில், பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். காது சரியில்லை என்றால் உன்னைக் கூண்டிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். எனக்கு அது வேண்டாம். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். திங்கட்கிழமை காலை போய் உன் பெயரை அடித்துவிட்டு வந்தாய்.

பிறகு நடந்ததை நீ அறிவாய். போனை வலக்காதுக்கு மாற்றிக்கொண்டது, படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்தது, தீபாவளிக்கு முந்திய மாதம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே விழுந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி என்றார்கள். முன்பே காதில் ஏதாவது தெரிந்ததா என்று டாக்டர் கேட்டபோது நான் உன் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். "இல்ல டாக்டர், காது நல்லாத்தான் இருந்துச்சு. இவளையே கேளுங்க" என்று நீ என்னைக் காட்டினாய்.

அந்த வியாழக்கிழமை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை வார்டுக்கு வந்தேன். தலையை மழித்திருந்தார்கள். "பாத்தியா, முருகனுக்கு வேண்டிக்காமலே மொட்ட" என்று தடவிக் காட்டினாய். அதற்குச் சிரிக்க முடியாமல், நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்று.

"ஆறாம் மாடிலயா?"

"எந்த ரூம்லயும் கேக்கல."

போர்வையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாய். நீ திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"சொல்லியிருக்கலாம்லா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய்.

பிறகு, "பாவம்டி அந்த டை கட்டுனவரு. நல்ல ஸ்பீக்கர்ல போய்ச் சிவப்பு ஒட்டிட்டு வந்துட்டேன்" என்றாய். நூலை விட்டாய். "அப்ப எப்படி இருந்துச்சு? கிர் இல்லாம?"

வாயைத் திறந்தேன். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் மணியடித்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் முடியட்டும், வந்து சொல்கிறேன் என்றேன்.

"மறந்துடாத. நல்ல வார்த்தையா பொறுக்கி எடுத்துட்டு வா."

நீ கண் விழிக்கவில்லை. சுங்கை ரம்பாயில் உன்னைத் தூக்கும்போது காக் வந்திருந்தார், எஞ்சினியரும் வந்திருந்தார். அடுத்த மாதமே நான் கூண்டை விட்டுவிட்டேன். இப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். யாராவது "கேட்டதா?" என்றால், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சின்ன விஷயத்துக்கும் அப்படித்தான். பிடிவாதக்காரி என்கிறார்கள்.

நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தும் நல்ல வார்த்தைகள் கிடைக்கவில்லை. இருப்பதைக் கொண்டு சொல்கிறேன், கேள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மழை நின்ற பிறகு தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அமைதி மாதிரி, பக்கத்தில் ஏதோ பெரிதாக இருப்பது தெரிந்தது. பாடுவதற்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தாள். அதற்கு முன் உதடு பிரிந்த சத்தம்கூடக் கேட்டது. அவள் குரல் இடது தூணிலிருந்தும் வரவில்லை, வலது தூணிலிருந்தும் வரவில்லை. நடுவில், ஒன்றுமே வைக்காத இடத்தில் அவள் நின்றாள். உன் உயரம்தான் இருப்பாள். பியானோ அவளுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம். நீ எழுந்து நின்றபோது அதில் ஒரு கட்டையை அழுத்தி அப்படியே விட்டிருந்தார்கள். அந்த ஒலி மெலிந்து மெலிந்து போய்க்கொண்டே இருந்தது, எங்கே முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசிவரை சுத்தமாக இருந்தது. ஓர் இடத்திலும் கிர் இல்லை.

உன் கைப்பையை உன் அம்மா என்னிடம்தான் கொடுத்தார். பொட்டுத்தாளில் சிவப்பு தீர்ந்துவிட்டது, பச்சையில் ஒரு வரிசை மிச்சம். அதில் ஒன்றை எடுத்து இந்தக் கடிதத்தின் கீழே வைத்தேன். பசை காய்ந்துபோயிருக்கிறது, ஒட்டவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.